பழமில்லாத சீர்

அந்தப் பையக் கொஞ்சம் உங்க பக்கமே வச்சுக்கங்க. என் முட்டியில இடிக்குது. இடிச்சாக்கூடப் பரவாயில்லை, வாசம் வருது. அடியில சாத்துக்குடி, அதுக்கு மேல ஆப்பிள், மேலாப்புல ஒரு சீப்பு நாட்டுப்பழம். எட்டிப் பாக்காமலே சொல்லிட்டேன்ல? ஆஸ்பத்திரிக்குத்தான போறீங்க. யாரு படுத்திருக்கா, மச்சினரா? சுகரா? சுகர்ல படுத்திருக்குற மனுசனுக்கு சாத்துக்குடி வாங்கிட்டுப் போறீங்க. நல்லா இருங்க.

கோவிச்சுக்கிட்டீங்களாக்கும். கோவிச்சுக்கங்க. திண்டுக்கல் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, பஸ்ஸுல நிக்கக்கூட இடமில்லை, எங்க எந்திரிச்சுப் போவீங்க? பேசாம நான் சொல்றதக் கேளுங்க.

என் சட்டையப் பாக்குறீங்க. சந்தனம்தான். என் தங்கச்சி மக தலையில இருந்து ஒட்டுனது. இன்னைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில்ல அதுக்கு மொட்டையடிச்சுக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். கூடப்பிறந்த ஒரே மாமன். அப்படியாப்பட்டவன் விருந்து சாப்பிடாம, பட்டு வேட்டியோட, பதினொரு மணிக்கே ஏன் தனியா பஸ் ஏறிட்டான்னு உங்களுக்கு மனசுக்குள்ள ஓடுது. கேக்கத்தான் மாட்டேங்கிறீங்க. நானே சொல்றேன்.

எனக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். சொல்லிட்டேன், இனிமே நடுவுல கேக்காதீங்க. தன்ஷிகா பொறந்த அன்னைக்கே என் தங்கச்சி கோமதிகிட்டச் சொன்னேன், காதுகுத்து என் மடியிலதான்னு. எல்லாப் புள்ளைக்கும் தாய்மாமன் மடியிலதான் குத்துவாங்க, இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு சிரிச்சா. அவளுக்கு இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்கு. ஒரு புள்ளையத் தூக்கி என் மடியில வச்சு, இந்தா நீ பிடிச்சுக்கன்னு ஊரே கூடிச் சொல்ற நாள் என் வாழ்க்கையில அந்த ஒரு நாள்தான். மொத வருஷம் எங்கப்பா போயிட்டாரு. மூணாவது வருஷம் மாப்பிள்ளை வீட்டுல ஒரு சாவு. ஒத்தப்படை வருஷத்துலதான் குத்தணும்னு தள்ளித் தள்ளி, இப்ப அஞ்சு. அஞ்சு வருஷம் காத்துக்கிடந்தேங்க.

எங்கப்பாவச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய முப்பது வருஷம் பழக்கடை. பேரு சீனிச்சாமி. சிரிச்சுக்கங்க, எல்லாரும் சிரிச்சதுதான். பழத்தக் கையில தொட்டே எத்தனை நாள் தாங்கும்னு சொல்லுவாரு. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், பழத்தக் குப்பையில போட மனசு வராது. ஒரு பக்கம் அழுகுன மாம்பழத்த, அந்தப் பக்கத்த மட்டும் சீவி எறிஞ்சிட்டு மிச்சத்த அவரே திம்பாரு. கறுத்துப்போன வாழைப்பழம், வெடிச்ச மாதுளை, அமுங்குன சப்போட்டா, எல்லாம் அவரு வயித்துக்குள்ள. மத்தியானச் சோறுன்னு அந்த மனுசன் உக்காந்து தின்னதே கிடையாது. கேட்டா, சோறுதான்டா சுகரு, பழம் உடம்புக்கு நல்லதுடாம்பாரு. ஊருக்கே அதச் சொல்லித்தான வித்தாரு, அவரே நம்பிட்டாரு.

மொதல்ல கட்டைவிரலு. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ வரைக்கும் எடுத்தாய்ங்க. காலை எடுத்த அன்னைக்கு நானும் ரத்தம் குடுத்துப் பாத்தேன். எனக்கு இருநூத்தி எம்பது. நாப்பத்தோரு வயசுல.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தச் சாப்பாட்டு முறை. சோறு இல்லை, இட்லி இல்லை, சீனி இல்லை, பழம் இல்லை. முட்டை, கறி, கீரை, தேங்காய், வெண்ணெய். மூணே மாசத்துல நூத்தி அஞ்சு. டாக்டரே மாத்திரையப் பாதியாக் குறைச்சாரு. இதெல்லாம் பொய்யா? என்னைய யாரு பைத்தியக்காரன்னு சொன்னாலும் அந்த ரிப்போர்ட்ட எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன்.

அப்பாவுக்கு அது பத்தலை. கிட்னி வரைக்கும் போயிருச்சு. கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரி. ஒருநாள் அந்த டாக்டரம்மா என்னையும் கோமதியையும் வராண்டாவுக்குக் கூப்பிட்டு, இனிமே அவரு கேக்குறதக் குடுங்கன்னாங்க. இது ஒரு டாக்டர் பேசுற பேச்சா? சுகர் வந்து காலு போன மனுசனுக்குக் கேக்குறதக் குடுக்கணுமாம். கோமதி உடனே அழுதுட்டா. எதுக்கு அழுகுறான்னே எனக்குப் புரியலை. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. டாக்டருங்க மேல இருந்த மரியாதை அன்னைக்குப் போச்சு.

சித்திரை மாசம். ஆஸ்பத்திரி வாசல்லயே வண்டியில மாம்பழம் குமிச்சு வச்சிருக்கான். மாடி வரைக்கும் வாசம். அப்பா கண்ண மூடிக்கிட்டே, "டேய் செல்லப்பாண்டி, ஒரே ஒரு கீத்துடா"ன்னாரு. கோமதி ஏற்கெனவே வெட்டி டப்பாவுல கொண்டாந்து வச்சிருந்தா. நான் அதப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில கவுத்துட்டு, அவிச்ச முட்டைய உரிச்சு ஊட்டுனேன். வாயத் தெறக்கலை. கோமதி பேசாம நின்னா. ரெண்டாவது நாள் போயிட்டாரு. அன்னைக்குக் காலையில சுகர் எவ்வளவு தெரியுமா? நூத்திப்பத்து. வருஷக்கணக்கா இறங்காத சுகர் இறங்கி, கச்சிதமா இருக்கையிலதான் எங்கப்பா செத்தாரு. அத எவனும் மறுக்க முடியாது.

அப்புறம் எப்படிங்க பழம் விக்கிறது? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் கடையக் கழுவி விட்டுட்டு முட்டைக்கடை போட்டேன். கழுவி என்ன, சுவத்துக்குள்ள ஊறிக்கிடந்த வாசம் ஒரு வருஷம் போகலை. மழை பேஞ்சா அன்னாசி வாசம் வரும். வெயில் அடிச்சா பலா. தினமும் நாலு மணி ஆனா ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க, நாக்குல ஆரம்பிச்சு உச்சந்தலை வரைக்கும். உங்களுக்கெல்லாம் அது தெரியாது, கேட்ட உடனே வாயில போட்டுக்கிறவங்க நீங்க.

அதுக்கு நான் என்னென்ன செய்யிறேன்னு கேளுங்க. உப்புக்கல்ல நாக்குல வைப்பேன். ரெண்டு சில்லு தேங்காய மெல்லுவேன். நெல்லிக்காய் ஒண்ணு. அதுக்கும் அடங்கலைன்னா பல்லு விளக்கிருவேன். ஆமாங்க, பல்லு விளக்கிட்டா வாய் எதையும் கேக்காது. பிரஷ்ஷ சட்டைப் பையிலயே வச்சிருக்கேன், இந்தா. ஒரு நாளைக்கு ஆறு தடவை விளக்குன நாளெல்லாம் உண்டு. ஈறு கிழிஞ்சு ரத்தம் வரும். வரட்டும். அதனால எனக்கு ஆசையே கிடையாது. பழத்தக் கண்டா கல்லக் கண்ட மாதிரிதான். உங்க சீப்புல ஓரத்துல இருக்குற ரெண்டு பழம் காம்பு கறுத்துருச்சு, நாளைக்குத் தாங்காது. இன்னைக்கு மத்தியானம் அது இருக்குற பக்குவம் இருக்கே, நெய்யா இருக்கும். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

என் வீட்டுக்காரி ஜெயராணிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவளுக்கு சுகரே இல்லைங்கிறா. இல்லைன்னா வராதா? வர்றதுக்கு முன்னால நிறுத்துறதுதான புத்திசாலித்தனம். அரிசி டின்னுக்குள்ள வாழைப்பழத்த ஒளிச்சு வச்சிருந்தா ஒரு தடவை. மூணு நாள் அவகூடப் பேசலை. இப்ப பக்கத்து வீட்டுல போயித் தின்னுட்டு வாயக் கழுவிட்டு வர்றா. வாயக் கழுவுனா எனக்குத் தெரியாதா? நான் சீனிச்சாமி மகன். ஒளிஞ்சு திங்கிறதுல என்னதான் சுகமோ அவளுக்கு.

சரி, காதுகுத்துக்கு வர்றேன். தாய்மாமன் சீர் இருபத்தோரு தட்டு. மேளம் முன்னால போக, தட்டத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைங்க பின்னால வர, ஊரே வேடிக்கை பாக்கும். தோடு ஒரு தட்டு, பட்டுப்பாவாடை ஒரு தட்டு, கொலுசு ஒரு தட்டு. மிச்சத்துல சாதாரணமா என்ன வைப்பாங்க? ஆப்பிளு, ஆரஞ்சு, அன்னாசி, வாழைத்தாரு, லட்டு, சீனி, கல்கண்டு. அவ்வளவும் விஷம். ஒரு அஞ்சு வயசுப் புள்ளைக்கு அதோட சொந்த மாமனே மேளதாளத்தோட விஷத்தக் கொண்டுபோயி இறக்கணுமா? அதுவும் தாத்தனுக்கு இருந்த வியாதி பேத்திக்கு வர எத்தனை நாளாகும்?

நான் யோசிச்சு வச்சேங்க. பாதாம் ரெண்டு தட்டு. வால்நட்டு. வெண்ணெய். பன்னீர். தேங்காய். நெல்லிக்காய். அப்புறம் முட்டை, அஞ்சு தட்டு, கோபுரம் மாதிரி அடுக்கி. ஒண்ணுகூட உருளாம, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நானே என் கையால அடுக்குனேன். ஜெயராணி பாத்துட்டு, "இதத் தூக்கிக்கிட்டு நான் நடக்கணுமா"ன்னா. நடந்தா. தலையக் குனிஞ்சுக்கிட்டே நடந்தா.

கோயில் வாசல்ல சீர இறக்குனோம். கோமதியோட மாமியா தட்டுக்குத் தட்டு துணிய விலக்கிப் பாத்துட்டு, "பழக்கடைக்காரர் வீட்டுச் சீர்ல ஒரு வாழைப்பழம்கூட இல்லையே"ன்னாங்க. எவனோ பின்னால இருந்து, "கோழிப்பண்ணையில இருந்து பொண்ணு எடுத்தீங்களா"ன்னு கேட்டான். சிரிச்சாய்ங்க. சாமி சன்னதியில முட்டையான்னு ஒரு கிழவி. நான் விடலையே. கிடா வெட்டி ரத்தம் குடிக்கிற சாமி, முட்டைக்கா மூஞ்சியச் சுளிக்கப்போகுதுன்னு கேட்டேன்.

கோமதி கோவிச்சுக்கலைங்க. "அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கு, விடுங்க அத்தை"ன்னா. கடைக்கு ஆள விட்டு ஒரு சீப்பு பழம் வாங்கிட்டு வரச் சொல்லி, என் வெத்தலை பாக்குத் தட்டுல அவளே வச்சா. நான் அத எடுத்துக் கீழ வச்சேன். திரும்பவும் எடுத்துத் தட்டுல வச்சா. அந்தத் தடவை நான் எடுக்கலை. நாலு பேரு முன்னால தங்கச்சிய விட்டுக்குடுக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன். என் பெருந்தன்மைய எவனும் பாக்குறதில்லை.

இதுக்கு நடுவுல எங்க சித்தப்பா மகன் கதிரேசன் வந்து இறங்குறான், ஒரு கூடை மாம்பழத்தோட. அவனும் மொறைக்குத் தாய்மாமன்தான். அவனுக்கும் சுகர் இருக்கு. மாத்திரையப் போட்டுட்டு அது மேலயே லட்டு திங்கிற ஆளு. புள்ளைங்க எல்லாம் அவனச் சுத்திக்கிருச்சு. என் முட்டைகிட்ட ஒண்ணு வரலை.

மொட்டை முடிஞ்சு, குளிப்பாட்டி, தலையெல்லாம் சந்தனத்த அப்பி, தன்ஷிகாவக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க. ஈரமும் சந்தனமும் நான் வாங்கின பட்டுப்பாவாடையுமா. ஏறி உக்காந்ததும் சாஞ்சு என் கட்டைவிரலப் பிடிச்சுக்கிட்டா. "வலிக்குமா மாமா"ன்னா. "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா"ன்னேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன், இந்தப் புள்ளை என் புள்ளைன்னு அந்த நிமிஷம் நெனச்சேன். அப்படி நெனச்சதுனாலதான் பின்னால நடந்ததும் நடந்துச்சு. அடுத்தவன் புள்ளைன்னா எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு இருந்திருப்பேன்ல?

காது குத்துற ஆசாரி கையக் காட்டுனாரு. குத்துறப்ப புள்ளை மிரண்டு தலைய ஆட்டிரக்கூடாதுன்னு மேளத்த நிறுத்தச் சொல்லுவாரு, குத்தி முடிச்சதும் கொட்டுவாய்ங்க. மேளம் நின்னுச்சு. ஒரு குத்து. புள்ளை கத்துச்சு பாருங்க. காலு ரெண்டையும் உதைக்கிறா, உடம்பு வில்லா வளையுது. உடனே மாமியாக்காரி வாழைப்பழத்த உரிச்சுக்கிட்டு வாய்க்கு நேரா கொண்டு வர்றாங்க. அது வழக்கமாம். காது குத்துனா வாயில இனிப்பத் திணிச்சு அழுகைய அமத்துறது வழக்கமாம். தன்ஷிகாவும், "பழம், பழம்"னு வாயத் தெறக்குறா.

யோசிச்சுப் பாருங்க. வலிச்சா இனிப்பு. அழுதா இனிப்பு. இப்படிப் பழக்கிவிட்டா நாளைக்குக் கீழ விழுந்தா இனிப்பு, பரிச்சையில தோத்தா இனிப்பு, புருசன் திட்டுனா இனிப்பு. எங்க போயி நிக்கும்? கட்டைவிரல்ல. நான் கைய வச்சுத் தடுத்தேன். புள்ளை வாயப் பொத்திட்டேன்னு சொல்றாய்ங்க. நான் பழத்தத்தாங்க தடுத்தேன். கை வாய் மேல போச்சு, அவ்வளவுதான். இன்னொரு கையால பழத்தத் தட்டிவிட்டேன், அது கீழ விழுந்து மண்ணாயிருச்சு. கொஞ்ச நேரம் அழுதா அழுகை தானா நிக்கும், பொறுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். புள்ளை என் உள்ளங்கையக் கடிச்சிருச்சு. இந்தா பாருங்க, பல்லுத் தடம். ஆறு பல்லு எண்ணலாம்.

கோமதி வந்தா. கத்துவான்னு பாத்தேன். கத்தலை. குனிஞ்சு என் கைய விரல் விரலாப் பிரிச்சு எடுத்தா.

"அன்னைக்கு அப்பா கேட்டப்ப நான் பேசாம நின்னுட்டேன். இந்த நாலு வருஷமா அது என்னைத் தூங்க விடலைண்ணே. இன்னைக்கும் என்னால அப்படி நிக்க முடியாது"ன்னா.

என்னத்தப் பேசுறா இவ? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்கு நான் என்ன குறை வச்சேன்? இதெல்லாம் கேக்கணும்னு வாயத் தெறக்குறேன், அதுக்குள்ள புள்ளையத் தூக்கிட்டா. தூக்கிட்டுப் போயி கதிரேசன் மடியில வச்சுட்டா. அவன் என்னையப் பாத்தான். பாத்துட்டு, வேட்டியச் சரி பண்ணிட்டு, நல்லா சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டான். ஒரு காது என் மடியில, இன்னொரு காது இன்னொருத்தன் மடியில. எங்க சாதிசனத்துல இப்படி ஒரு காதுகுத்து நடந்ததே கிடையாதுங்க.

நான் ஜெயராணியப் பாத்தேன். கட்டுன பொண்டாட்டி, ஒரு வார்த்தை பேசுவாள்ல? வெத்தலை பாக்குத் தட்டுகிட்டப் போனா. சீப்புல இருந்து ஒரு பழத்தப் பிச்சு, உரிச்சு, கோமதி கையில குடுத்தா. எம்பக்கம் திரும்பவே இல்லை. கெளம்புடின்னு சொன்னேன். "பந்தி பரிமாற ஆள் பத்தலை, நீங்க முன்னால போங்க"ன்னா. இன்னும் அங்கதான் இருக்கா. வருவா. வராம எங்க போவா. சாயங்காலம் வருவா.

நான் விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகலை. மதில்சுவத்துக்கு இந்தப் பக்கம், செருப்பு விடுற இடத்துல நின்னேன். உள்ள மேளம் திரும்பக் கொட்டிக்கிட்டிருந்துச்சு. ஒரு கணக்கு எனக்கு. மொதக் காதுக்கே அந்தக் கத்து கத்துனவ. இப்ப வலி எப்படி இருக்கும்னு வேற தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது குத்துக்கு விடுவாளா? கோயிலே இடியிற மாதிரி கத்துவா. மாமான்னு கத்துவா. என் விரலத்தான பிடிச்சிருந்தா. அந்தச் சத்தம் வந்த உடனே உள்ள போயிடணும், எவன் என்ன சொன்னாலும் சரி, கதிரேசன் மடியில இருந்து தூக்கி என் மடியில வச்சுக்கிடணும், அதுக்கப்புறம் வேணும்னா அவிங்க என்ன வேணா ஊட்டிக்கிடட்டும், நான் வாயத் தெறக்கப்போறதில்லை. இப்படியெல்லாம் நெனச்சுக்கிட்டு ஒரு காலுல செருப்பும் ஒரு காலு வெறுங்காலுமா நிக்கிறேன்.

மேளம் நின்னுச்சு.

நின்னேன். மூச்ச விடாம நின்னேன். கொஞ்ச நேரத்துல மறுபடி மேளம் கொட்ட ஆரம்பிச்சுட்டாய்ங்க. புள்ளை அழவே இல்லைங்க.